ஆவூர் மெழுகும் அறந்தாங்கிச் சுற்றறிக்கையும்

ஆவூர் ஆரோக்கியமுத்து தன் முப்பத்து மூன்றாவது வயது வரை கடலைப் பார்த்ததில்லை. பார்க்கவில்லையே என்ற குறையும் அவருக்கு இருக்கவில்லை. சுற்று வட்டாரத்துக் கிணற்று இஞ்சின்களை எல்லாம் பிரித்து மாட்டியவர் அவர். இஞ்சின் நின்றுவிட்டால் சைக்கிளில் ஆள் வரும். முத்து பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவார். இஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடப்பார். “ஏர் புடிச்சிருக்கு” என்பார். டீசல் பைப்பில் ஒரு நட்டைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்துவிட்டு, நட்டை இறுக்கிக் கையைத் துடைத்துக்கொள்வார். இஞ்சின் ஓடும். பத்தில் எட்டு நோய்க்கு இதுதான் மருந்து. மீதி இரண்டுக்கு ஆள் தேடி வரும்போது முத்து வீட்டில் இருக்க மாட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் 1961-ல் ஓர் அரசாங்க இலாகா கடற்கரைக்கு அனுப்பியது. எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை. அதில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் படிக்கவும் தெரியும். மீன் பிடிக்கிறவனுக்கு இனிமேல் பாய் வேண்டாம், மிஷின் போதும் என்று தீர்மானித்து, கோட்டைப்பட்டினத்துப் பக்கத்துக் கரைகளுக்குப் பதினொரு விசைப்படகுகளை அந்த இலாகா வழங்கியிருந்தது. வழங்கி முடித்த பிறகுதான், படகு என்றால் பழுதாகும் என்பது யாருக்கோ நினைவு வந்தது. உடனே ஒரு மெக்கானிக் பதவி உண்டாயிற்று. தற்காலிகப் பதவி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும், அல்லது நீட்டிக்கப்படாது.

பேட்டியில் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“டீசல் இஞ்சின் தெரியுமா?”

“தெரியுங்க.”

கடல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிருக்கும்.

அவர் மனைவி வியாகுலமேரியும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

“நிரந்தரமா?”

“ஆயிரும்.”

“ஆனப்பெறகு சொல்லுங்க, வாரேன். தற்காலிகத்துக்கெல்லாம் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் வண்டியில ஏத்திக்கிட்டு அலைய முடியாது.”

சொன்னாளே தவிர, கணவன் கடலுக்குப் போகிறார் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பயம்தான். பெட்டியில் வேட்டி சட்டைக்கு அடியில் உள்ளங்கை அளவு மெழுகு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தாள். ஆவூர்ப் பெரிய நாயகி மாதா கோயிலில் ஈஸ்டர் இரவன்று மந்திரித்து ஏற்றிய மெழுகுத்திரியின் மிச்சம். அந்த மெழுகு இருக்கிற வீட்டில் இடி விழாது என்று ஆவூரில் எல்லோருக்கும் தெரியும். கடலிலும் செல்லுபடியாகும் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள்.

முத்து அறந்தாங்கி ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து, ஒரு வலைக் கொட்டகையில் பெட்டியை வைத்தார். வந்த அன்றே மூன்றாம் நம்பர்ப் படகின் தலைவர் உடையப்பன் அவரை ஏற்றிக்கொண்டு போய் இஞ்சின் ஓடும் அழகைக் காட்டினார். படகு முழங்கால் ஆழத்திலிருந்து கழுத்தளவு ஆழத்துக்குப் போவதற்குள், முத்து காலையில் சாப்பிட்ட இட்லி அத்தனையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு தொழில்முறையில் ஒரு விதியும் வகுத்துக்கொண்டார்.

“அண்ணே, இனிமே படகு நின்னுச்சுன்னா இங்கிட்டுக் கரைக்குக் கொண்டாந்திருங்க. கரையில வச்சுத்தான் நோய் பாக்கணும். அங்கிட்டு ஆடுற ஆட்டத்துல இஞ்சின் சத்தம் சரியாக் காதுல விழாது.”

“அதுவும் சரிதான்” என்றார் உடையப்பன். அவர் ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர். காது எதற்கு, வயிறு எதற்கு என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை.

கார்த்திகையில் காற்று எழும்பியபோது முதல் நோய் வந்தது. மூன்றாம் நம்பர் இஞ்சின் வெள்ளைப் புகை விட்டது, தட்டியது, பிறகு நின்றது. பாய்மரம் வைத்த ஒரு பழைய வள்ளம் அதைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. வள்ளக்காரர் நல்லதம்பி, உடையப்பனுக்கு மச்சான். மிஷின் படகுக்கு அவரும் மனுப் போட்டுக் கிடைக்காமல் போனவர். ஆகவே இழுத்து வருவதில் அவருக்குக் கொஞ்சமும் அலுப்பில்லை.

முத்து பில்டரைக் கழற்றி அதிலிருந்த டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தெளிந்து நின்றது. மேலே இருந்த டீசலைச் சாய்த்துவிட்டு, விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது.

“கடல் தண்ணி டேங்குக்குள்ள போயிருக்கு அண்ணே.”

எப்படிப் போயிற்று? டீசல் டேங்க் படகின் பின்பக்கத்தில் திறந்தவெளியில் இருந்தது. அலை அடித்தால் அதன் தலை நனையும். தலையில் திருகு மூடி. மூடியின் நடுவில் ஓர் ஊசித் துவாரம்.

இந்த இடத்தில் ஆவூர்ப் பக்கத்து இஞ்சின்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே எந்த இஞ்சினுக்கும் டேங்க் மூடி கிடையாது. இஞ்சின் வந்து இறங்கிய மறுவாரமே மூடி தொலைந்துவிடும். பிறகு ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைப்பார்கள், அல்லது பழைய வேட்டிக் கிழிசலைச் சுருட்டிச் செருகுவார்கள். பன்னிரண்டு வருஷம் இஞ்சின் பார்த்த முத்து, துவாரம் வைத்த மூடியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். யாரோ கவனக்குறைவில் வைத்த ஓட்டை என்றே அவருக்குத் தோன்றியது.

டேங்கைக் கழுவினார், பைப்பை ஊதினார், பில்டரை மாற்றினார். கடைசியில் பெட்டியைத் திறந்து, வியாகுலமேரி வைத்த மெழுகில் ஒரு கிள்ளு எடுத்து, தீக்குச்சி வெப்பத்தில் இளக்கி, அந்தத் துவாரத்தில் வைத்து அழுத்தினார்.

“இது என்ன மெழுகு தம்பி?”

“ஆவூர் மாதா கோயில் மெழுகு. ஈஸ்டருக்கு மந்திரிச்சது.”

உடையப்பன் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாதா வேறு மாரியாத்தா வேறு என்று கணக்குப் பார்க்கிற வழக்கம் கடலில் போகிறவர்களுக்கு இல்லை. அன்று முதல் மூன்றாம் நம்பரில் ஏறுகிற ஒவ்வொருவனும் அந்த மெழுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நங்கூரத்தை எடுத்தான். வெள்ளிக்கிழமையில் பக்கத்தில் ஒரு பூவும் இருந்தது.

தண்ணீர் நின்றது. முத்து தன் அறிக்கையில் இதை எழுதினார். தமிழில் எழுதத் தெரிந்த சந்தோஷத்தில் கொஞ்சம் கூடுதலாகவே எழுதினார்: ‘டேங்க் மூடியில் காணப்பட்ட தேவையற்ற துவாரம் மெழுகால் அடைக்கப்பட்டது. கடல்நீர் புகுதல் அறவே ஒழிந்தது.’

அறிக்கை அறந்தாங்கியில் அதிகாரி ஆத்மநாதன் மேஜைக்குப் போயிற்று. ஆத்மநாதன் நல்ல மனிதர். நல்ல அறிக்கையைப் பார்த்தால் மேலே அனுப்பிவிடுவார். மேலே இருந்தவர் அதற்கும் மேலே அனுப்பினார். தை பிறந்ததும் அது சுற்றறிக்கையாகக் கீழே இறங்கி வந்தது: ‘எல்லா விசைப்படகுகளிலும் டீசல் டேங்க் மூடியிலுள்ள தேவையற்ற துவாரம் உடனடியாக மெழுகால் அடைக்கப்பட வேண்டும். அடைக்கப்பட்டுள்ளதா என்பது பரிசோதனையின்போது கவனிக்கப்படும்.’ முத்துவே பதினொரு படகுக்கும் போய் அடைத்தார். ஆவூர் மெழுகு ஐந்து படகோடு தீர்ந்தது. மீதிக்குக் கடை மெழுகுவர்த்தி. அந்த ஆறு படகுக்காரர்களும் எங்களுக்கு மட்டும் ஏன் கடை மெழுகு என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழைக்காலம் முழுக்கக் கால் டேங்க் டீசலோடு கரையோரமாகவே போய்வந்த மூன்றாம் நம்பர், கடல் அடங்கி டேங்கை நிரப்பிக்கொண்டு தூரம் போகத் தொடங்கியதும், சுற்றறிக்கை வருவதற்குச் சில நாள் முன்னாலேயே மறுபடி நிற்க ஆரம்பித்திருந்தது.

இந்தத் தடவை புகை இல்லை, தட்டல் இல்லை. அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு பசித்தவன் குரல் மாதிரி சத்தம் மெலியும். இரண்டு இருமல். அவ்வளவுதான். நல்லதம்பி கயிற்றோடு வருவார்.

“என்ன மச்சான், மிஷினுக்கு இளைப்பு நோயா? திண்ணீறு போட்டுப் பாத்தீகளா?”

“வாயை மூடிக்கிட்டு இழுடா.”

“இழுக்கேன், இழுக்கேன். பாய் கட்டுன வள்ளத்துக்கு முன்னாடி இஞ்சின் கட்டுன படகு வரணும்னாக, இப்ப பின்னாடி வருது. வரிசையில என்ன இருக்கு.”

கரைக்கு வந்ததும் முத்து முதல் வேலையாக டேங்க் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். ஒரு தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு டீசல் எவ்வளவு என்று பார்ப்பார். ஈர்க்கு அப்படியே டேங்கில் நிற்கும், மூடி அப்படியே பக்கத்தில் கிடக்கும். பைப்பில் நட்டைத் தளர்த்தினால் நுரை நுரையாகக் காற்று வரும். “ஏர் புடிச்சிருக்கு” என்பார். ஏர் எடுத்துவிட்டு இஞ்சினைச் சுழற்றினால் ஒரே சுழற்றில் பிடித்துக்கொள்ளும். முழங்கால் தண்ணீரில் படகைக் கட்டிப் போட்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓட்டுவார். நிற்காது. மூடியைத் திருகி, மெழுகைக் கண்ணில் ஒற்றி, அனுப்பி வைப்பார். கடலில் அரைமணி நேரத்தில் நிற்கும்.

ஏர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி முத்துவின் தூக்கத்தைத் தின்றது. பைப்பு இணைப்பு ஒவ்வொன்றிலும் புது வாஷர் போட்டார். இஞ்சின் நின்றது. செம்புப் பைப்பையே மாற்றினார். நின்றது. பம்பைப் பிரித்துத் துணியில் பரப்பி, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். நின்றது. டேங்கை நிரப்பினால் அரைமணியில் நிற்கிறது, பாதி டேங்க் என்றால் ஒரு மணிக்கு மேல் தாங்குகிறது என்று உடையப்பன் கவனித்துச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இந்த விஷயம் முத்துவைப் பைத்தியமாக அடித்தது. டீசல் குறைந்தால் இஞ்சின் நிற்கலாம். நிறைய இருப்பதால் நிற்கிற இஞ்சினை ஆவூரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

“பாதி டேங்கே ஊத்திக்கங்க அண்ணே” என்றார் கடைசியில்.

“பாதி டேங்குக்குப் பாதிக் கடல்தான் தம்பி போகலாம். மீனுக்கு யாரு சொல்றது?”

அன்றுதான் முத்து கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்தார். அந்த அளவில் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். பிறகு வெயிலில் ஒன்றரை மணி நேரம் மணலைக் கையால் துழாவித் தேடினார். நல்லதம்பி வந்து தானும் குனிந்து தேடிக் கொடுத்தார். “இதையும் நான்தான் இழுத்துக்கிட்டு வரணுமா மெக்கானிக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் சுற்றறிக்கை தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. ஒன்றாம் நம்பர் நின்றது. ஏழாம் நம்பர் நின்றது. மாசி மாதத்துக்குள் பதினொரு படகும் முறை வைத்துக்கொண்டு நின்றன. நல்லதம்பியின் கயிறு நைந்து புதுக் கயிறு வாங்கினார். முத்துவுக்கு ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு நடக்கவே பொழுது சரியாக இருந்தது. மாதம் ஒருமுறை ஆவூர் போவதும் நின்றது. போய்க்கொண்டிருந்த மாதங்களிலும் மூன்று பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள், டீசலும் கருவாடும் கலந்த வாடையில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

ஆபீசில் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். மார்ச் மாதம் முப்பத்தொன்றோடு முத்துவின் தவணை முடிகிறது. பழுதுகளின் எண்ணிக்கை ஒன்பது மடங்கு கூடியிருப்பதால் மெக்கானிக் பதவி மிகவும் அவசியம் என்று ஆத்மநாதன் எழுதியிருந்தார். முத்துவையே நிரந்தரமாக்கலாம் என்றும் சிபாரிசு. ஒரே நிபந்தனைதான். இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை அவர் நேரில் வருவார். மெக்கானிக் படகில் இருக்க, மூன்றாம் நம்பர் கடலில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் நிரந்தரம். நின்றால், முப்பத்தொன்றாம் தேதியோடு ஆவூருக்கு நடையைக் கட்டலாம்.

கடிதத்தை முத்து மூன்று தடவை படித்தார். ‘மெக்கானிக் படகில் இருக்க’ என்ற இடம் ஒவ்வொரு தடவையும் அங்கேயேதான் இருந்தது.

புதன்கிழமை காலை உடையப்பன் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“கெளம்பு தம்பி. இன்னைக்கு ஒருக்கா கடல்ல போயிப் பாத்திருவோம்.”

“கரையிலயே பாப்போம் அண்ணே. அங்கிட்டுச் சத்தம்…”

“சத்தம் கேக்காது, தெரியும். ஒனக்குக் கொமட்டும், அதுவும் தெரியும். வந்த அன்னைக்கே பாத்தேன். எட்டு மாசமா ஆருட்டயும் சொல்லல. இப்ப என்ன, நாளைக்கு ஆபீசர் முன்னாடி முத வாந்தி எடுக்கப் போறியா? இன்னைக்கே பாதியை எடுத்துட்டு வந்துரு.”

முத்து வெறும் வயிற்றோடு ஏறினார். டேங்க் நிறைய டீசல். எல்லோரும் மெழுகைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். முத்து இரண்டு தடவை ஒற்றிக்கொண்டார்.

கால்மணி நேரத்தில் அவர் படுத்துவிட்டார். இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அவர்தான் ஓடவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ள ஆடாத பொருள் படகில் ஒன்றே ஒன்று இருந்தது. பின்பக்கத்து டேங்க். தகரத்தில் செய்து நாலு மூலையும் ஆணியடித்தது, குளிர்ந்தும் இருந்தது. முத்து அதைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதன் பக்கவாட்டில் வைத்துக் கண்ணை மூடினார். டீசல் வாடை நெஞ்சைப் பிடுங்கியது. இந்த வேலையும் வேண்டாம், நிரந்தரமும் வேண்டாம், ஆவூரில் ஒரு கிணற்றோரத்தில் செத்தாலும் போதும் என்று மனத்துக்குள் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது கன்னத்தை யாரோ உள்ளே இழுத்தார்கள்.

டப் என்று ஒரு சத்தம். தகரம் அவர் முகத்தை விட்டு விலகி உள்வாங்கியது. முத்து கண்ணைத் திறந்தார். டேங்கின் பக்கம், மூன்று நாள் பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி ஒட்டிப் போயிருந்தது. கையால் தடவிப் பார்த்தார். இன்னொரு டப். அந்தப் பக்கமும் ஒட்டியது. இஞ்சின் சத்தம் மெலிந்தது. இரண்டு இருமல். நின்றது.

“போச்சு” என்றார் உடையப்பன். தூரத்தில் நல்லதம்பியின் பாய் திரும்புவது தெரிந்தது.

முத்து முழங்காலிட்டு எழுந்து மூடியைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. சட்டை நுனியைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினார். மூடி அசைந்ததுதான் தாமதம், ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு, வெளியிலிருந்து உள்ளே போயிற்று. டப், டப் என்று வயிறு இரண்டு பக்கமும் நிமிர்ந்துகொண்டது.

முத்து மூடியைத் திருப்பி மெழுகு வைத்த இடத்தைப் பார்த்தார். இஞ்சின் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய இடத்துக்கு மேலேயிருந்து காற்று வர வேண்டும். வருகிற வழியை மெழுகு வைத்து அடைத்தாயிற்று. டேங்க் எவ்வளவு நேரம்தான் தம் கட்டும்? முடியாதபோது பைப்பு இணைப்புகளின் வழியாகக் காற்றைத் திருடிக்கொள்கிறது. முட்ட நிரப்பிய டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை, அதனால் சீக்கிரம் நிற்கிறது. கரையில் பத்து வாரத்துக்கு மேல் சோதித்தபோது மூடி? பக்கத்தில் கிடந்தது. ஈர்க்கு வைத்துப் பார்த்தாரே, அதற்காகக் கழற்றி வைத்தது.

சட்டையிலிருந்த ஊக்கை எடுத்து மெழுகைத் தோண்ட ஆரம்பித்தார்.

“டேய் டேய், என்னடா செய்யிற! மாதா மெழுகைத் தோண்டுறே!”

“மாதா மேல குத்தமில்ல அண்ணே. வச்சது நான்.”

“நட்டநடுக் கடல்ல நின்னுக்கிட்டுச் செய்யிற காரியமா இது?”

“நட்டநடுக் கடல்ல நிப்பாட்டி வச்சதே இதுதான்.”

மூடியைத் திருகினார். ஏர் எடுத்தார். இஞ்சின் பிடித்தது. அரைமணி ஓடியது. ஒரு மணி ஓடியது. முத்து நடுவில் இரண்டு தடவை எட்டிக் குனிந்துவிட்டு வந்து, டேங்கின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். ஒட்டவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்துக் காத்திருந்த நல்லதம்பியைச் சுற்றி உடையப்பன் வேண்டுமென்றே மூன்று வட்டம் போட்டார்.

“புதுக் கயிறு மச்சான்!” என்று கத்தினார் நல்லதம்பி. “இப்பத்தான் வாங்குனேன்!”

அன்று சாயங்காலமே முத்து எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை கூடுதல் வார்த்தை எதுவும் இல்லை. துவாரம் தேவையுள்ளது, அடைத்தது தன் தவறு, பதினொரு படகிலும் மெழுகை எடுத்துவிட வேண்டும், அலைநீர் புகாமலிருக்கத் தலைகீழாக வளைத்த ஒரு சின்னச் செம்புக் குழாயை அதே துவாரத்தில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தால் போதும் என்று ஒரு பக்கத்தில் முடித்தார்.

வியாழக்கிழமை ஆத்மநாதன் குடையோடு வந்து இறங்கினார். கடிதத்தைப் படித்தார். மடித்தார். டீக்கிளாசுக்கு அடியில் வைத்தார்.

“முத்து, யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“ஆமாங்கய்யா. அந்தத் துவாரம் தேவையுள்ளதுங்க.”

“தேவையற்றதுன்னு சுற்றறிக்கையில இருக்கே.”

“அதை நான்தாங்க அப்படி எழுதினேன்.”

“நீங்க எழுதினது அறிக்கை. மேல பெரியவர் கையெழுத்துப் போட்டதும் அது சுற்றறிக்கை. உங்க தப்பை நீங்க திருத்தலாம். அவர் தப்பை நீங்க எப்படித் திருத்துவீங்க?”

ஆத்மநாதன் ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கிளாசைத் திரும்பக் கடிதத்தின் மேலேயே வைத்தார்.

“இதை மேல அனுப்பினா உங்க நிரந்தரம் போச்சு. உங்களைச் சிபாரிசு பண்ணின நானும் போயிருவேன். காத்துதானே போகணும்? வேற வழியாப் போகட்டும். புதுசா ஒரு துவாரம் போடுங்க. போடக்கூடாதுன்னு எந்தச் சுற்றறிக்கையும் இல்ல. அதுல உங்க குழாயை வைங்க. பழைய துவாரத்துல மெழுகு இருக்கட்டும்.”

“அப்ப அந்த மெழுகு எதுக்குங்கய்யா?”

“நான் பரிசோதிக்கிறதுக்கு.”

கடிதம் டீக்கிளாசுக்கு அடியில் வட்டமாக நனைந்துகொண்டிருந்தது. ஆவூர் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் முத்துவின் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு கையை நீட்டி, கிளாசை மெதுவாக நகர்த்தி, கடிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

கை டிரில்லால் மூடியில் இன்னொரு துவாரம் போட்டு, வளைந்த குழாயைப் பற்றவைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பழைய துவாரத்தில் நேற்றுத் தோண்டிய மெழுகைத் திரும்ப வைத்தார். உடையப்பனுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. ஆத்மநாதன் விரலால் மெழுகைத் தட்டிப் பார்த்துக் காகிதத்தில் ஒரு கோடு போட்டார். படகு இரண்டு மணி நேரம் ஓடியது. முத்து இரண்டு மணி நேரமும் குனிந்தே இருந்தார். கரையிலிருந்து பார்த்த ஆத்மநாதனுக்கு, மெக்கானிக் ஒரு நிமிஷம்கூட இஞ்சினை விட்டுத் தலையெடுக்கவில்லை என்று பட்டது. குறிப்பிலும் அப்படியே எழுதினார்.

உத்தரவு ஏப்ரலில் வந்தது. ‘மெழுகு முறையைக் கண்டறிந்தமைக்காகவும், அதன்பின் பெருகிய பழுதுகளைத் திறம்படக் கவனித்தமைக்காகவும்’ ஆரோக்கியமுத்து நிரந்தரமாக்கப்பட்டார். வியாகுலமேரி அம்மி, ஆட்டுக்கல் சகிதமாக வந்து சேர்ந்தாள். உத்தரவை அவள் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னாள். முத்து மாட்டவில்லை. டிரில்லை எடுத்துக்கொண்டு பாக்கிப் பத்துப் படகுக்கும் துவாரம் போடப் போய்விட்டார். அதன்பின் ஆறு வருஷம் அவர் உத்தியோகம் இதுதான். வெயிலில் இளகிய மெழுகை மாற்றுவது, குழாயில் உப்புப் படிந்தால் குத்திவிடுவது. மெழுகு சரியாக இருக்கிறதா என்று கேட்டு ஆபீசிலிருந்து மாதாமாதம் கடிதம் வரும். குழாயைப் பற்றி ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

1968-ல் நல்லதம்பியின் மனு ஒருவழியாகப் பலித்தது. அவருக்கும் ஒரு படகு வந்தது, புது மாதிரி. டேங்கின் தலையில் வளைந்த குழாயை வைத்தே அனுப்பியிருந்தார்கள். மூடியில் துவாரம் கிடையாது. முத்து அந்த மூடியைத் தடவித் தடவிப் பார்த்தார். யாரோ ஒருவர், எங்கேயோ, ஒழுங்காக வேலை செய்திருக்கிறார். அன்று மத்தியானம் வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் புது அதிகாரி பரிசோதிக்க வந்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

“மெழுகு அடைச்ச துவாரம் எங்கே?”

“இதுல துவாரமே இல்லைங்கய்யா.”

“அது எப்படி? படிவத்துல அஞ்சாவது காலத்துல இருக்கே. துவாரம் அடைக்கப்பட்டுள்ளதா, ஆம் அல்லது இல்லை. இல்லைன்னு போட்டா படகைக் கடலுக்கு விட முடியாது.”

முத்து மூடியைத் திருகிக் கழற்றினார். கொட்டகைக்குப் போய் டிரில்லையும் ஒரு மெழுகுவர்த்தியையும் எடுத்து வந்தார். புது மூடியைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நடுவில் துவாரம் போட ஆரம்பித்தார். நல்லதம்பி பதறிப்போய் ஓடி வந்தார்.

“மெக்கானிக்கு, புதுப் படகுய்யா! எதுக்கு ஓட்டை போடுறே?”

“அடைக்கிறதுக்கு.”

“அடைக்கிறது எதுக்கு?”

முத்து தகரத் துருவலை ஊதித் தள்ளினார்.

“தீப்பெட்டி இருந்தாக் குடுங்க” என்றார்.